பொம்மை ஏன் சிரிக்க வைக்கிறது?

போன நவராத்திரியில், மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கொலுவைப் பார்க்க மேல்மாடி மராத்திக் குடும்பம் வந்திருந்தது. பெரியவர்கள் சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுடைய ஏழு வயதுப் பையன் மட்டும் படிகளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாத்தா பாட்டி தலையாட்டி பொம்மைகளுக்கு எதிரே சம்மணம் போட்டான். விரலால் இரண்டு தலையையும் லேசாகத் தட்டினான். தலைகள் ஆடின.

"எங்க அப்பா குறட்டை விடுறாரா?" என்று மராத்தியில் கேட்டான். தாத்தா ஆமாம் என்றார். பாட்டியும் ஆமாம் என்றாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போகவேண்டாம்தானே?" அதற்கும் ஆமாம். அவன் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்றீங்களா?" என்று பொம்மைகளைக் கேட்டாள். தாத்தா அதே மரியாதையோடு தலையாட்டினார். கூடமே சிரித்தது. குறட்டைக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

இதில் ஜோக் எங்கே இருக்கிறது? யாரும் ஜோக் சொல்லவில்லை. அந்தப் பொம்மைக்குத் தெரிந்ததே ஒரே ஒரு அசைவு. வசனம் கிடையாது, முகபாவம் மாறாது. ஆனாலும் எட்டுப் பேர் சிரித்தோம். பாவைக்கூத்து, பொம்மலாட்டம், பேசும் பொம்மை என்று எதை எடுத்தாலும் நகைச்சுவையின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பாவைக்கூத்தை இதுவரை பார்த்தே இராதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

வள்ளுவர் ஒரு குறளில் பொம்மலாட்டத்தைத் தொட்டுச் செல்கிறார். "நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று" என்பது 1020-ஆம் குறள். மனதுக்குள் நாணம் இல்லாதவர்கள் நடமாடுவது, மரப்பாவை கயிற்றால் ஆடி உயிருள்ளதுபோல மயக்குவதற்குச் சமம் என்கிறார். நாண் என்றால் வெட்கம், நாண் என்றால் கயிறு. அந்தச் சிலேடையை வைத்து ஒரு சாட்டையடி. வெட்கம் கெட்டவர்களைத் திட்டத்தான் அவர் பொம்மையை இழுத்தார். ஆனால் போகிற போக்கில் 'உயிர்மருட்டி' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார் பாருங்கள், பொம்மையாட்டிகளின் தொழில் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

மருட்டுவது என்றால் மயக்குவது. பார்ப்பவருக்கு அது மரம் என்று தெரியும், கயிறும் கண்ணுக்குத் தெரியும். இருந்தாலும் மனத்தின் ஒரு பாதி அதை உயிர் என்று நம்பிவிடுகிறது. இந்த இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றன. பொம்மை ஏதாவது செய்யும்போது மனம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஒரு குதி குதிக்கிறது: அட, உயிருள்ளதுபோலவே செய்கிறதே! அடுத்த நொடி, அட, வெறும் மரம்தானே! அந்தக் குதிதான் சிரிப்பு. தலையாட்டி தாத்தா தன் பொய்யை ஒப்புக்கொண்டபோது நடந்ததும் அதுதான். அவர் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொன்னார் என்று நம்பினோம். அவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதும் நினைவுக்கு வந்தது.

குதிக்காமல் மனம் ஒரே பக்கம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? வெறும் மரம் என்ற பக்கத்திலேயே நின்றால் சலிப்பு, கொட்டாவி. உயிர் என்ற பக்கத்திலேயே நின்றுவிட்டால் பயம். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது கொலுப்படியில் அந்தத் தாத்தா தானாகத் தலையாட்டினால் யார் சிரிப்பார்கள்? சிரிப்புப் பொம்மைக்கும் பேய்ப் பொம்மைக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. மும்பைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1993-இல் வந்த மராத்திப் படத்தின் பேய்ப் பொம்மையான தாத்யா விஞ்சுவைச் செய்து ஆட்டியவர் ராம்தாஸ் பாத்யே. லிஜ்ஜத் அப்பள விளம்பரத்தில் 'கர்ரம் குர்ரம்' என்று சிரித்த முயல் பொம்மையும் அவருடையதுதான். ஒரே கைகள்தான், ஒன்று பிள்ளைகளைப் போர்வைக்குள் ஒளிய வைத்தது, இன்னொன்று அப்பளம் கேட்க வைத்தது.

சரி, இந்தக் குதியை எப்படி உண்டாக்குகிறார்கள்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் கீழ்த்தாடை, மற்ற நான்கு விரல்களும் மேல்தாடை. கண்ணுக்கு இரண்டு பொத்தான் போதும். மேசையில் ஒரு டம்ளர் காபியை வையுங்கள். சாக்ஸ் அந்தக் காபியைப் பார்க்கட்டும். பிறகு மெதுவாக எதிரே இருப்பவரைப் பார்க்கட்டும். ஒரு மூச்சுவிடும் நேரம் சும்மா இருங்கள். இப்போது சாக்ஸ் வெடுக்கென்று மறுபடி காபியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பேசவேண்டாம். எதிரே இருப்பவர் சிரிப்பார், இல்லையென்றால் காபியைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வார். இரண்டுமே வெற்றிதான்.

முதல் பார்வையில் சாக்ஸுக்குக் கண் இருக்கிறது என்று காட்டினீர்கள். இரண்டாவது பார்வையில் அதற்கு எதிராளி இருப்பது தெரியும் என்று காட்டினீர்கள். மூன்றாவது பார்வையில் அது ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. என்ன முடிவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. பார்ப்பவர் தானே நிரப்பிக்கொண்டார். பொம்மைக்கு முகம் மாறாது என்பது குறை இல்லை, அதுதான் அதன் மூலதனம். மாறாத முகத்தில்தான் நாம் விரும்பியதை எல்லாம் எழுதிக்கொள்ளலாம். நடிகர் ஒருவர் புருவத்தை உயர்த்தினால் அவர் நினைப்பதை நமக்குச் சொல்லிவிடுகிறார். பொம்மை எதையும் சொல்வதில்லை. நம்மையே நினைக்க வைக்கிறது. அந்த ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, அதை விழுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவசரப்பட்டால் சாக்ஸ் சாக்ஸாகவே இருக்கும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் சொசைட்டியின் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு சாக்ஸ் பொம்மை நாடகம் போட்டேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு வசனம் எழுதியிருந்தேன். தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் சண்டை என்று எல்லாவற்றையும் கிண்டல் செய்து, எழுதும்போது நானே சிரித்துக்கொண்ட வசனங்கள். மேடையில் ஒன்றும் எடுபடவில்லை. முன்வரிசை மாமாக்கள் போனை எடுத்துவிட்டார்கள். ஏழாவது நிமிடத்தில், நான் சரியாகத் தைக்காத ஒரு பொத்தான் கண் கழன்று மேடையில் உருண்டது. பொம்மையைப் பிடித்திருந்த சிறுமி வசனத்தை மறந்து நின்றாள். பிறகு மெதுவாகப் பொம்மையைக் குனிய வைத்து, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் கீழே தேட வைத்தாள். பொத்தானைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. மறுபடி பொத்தானைப் பார்த்தது. அப்புறம் அதை வாயால் கவ்வி எடுத்து, பக்கத்துப் பொம்மையிடம் நீட்டியது. போன் பார்த்த மாமாக்கள் எல்லாம் மேடையைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கிடைத்த ஒரே கைத்தட்டல் அதற்குத்தான். வசனம் எழுதிய தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, யாரும் கேட்டதில்லை.

கண் கழன்றது பொம்மைக்கு மட்டுமே நடக்கக்கூடிய விபத்து. மனிதனுக்குக் கண் கழன்றால் ஆம்புலன்ஸ். பொம்மை அதைத் தேடியது உயிருள்ளது செய்யும் வேலை. மரமும் உயிரும் ஒரே அசைவில் மோதிக்கொண்டன. தேர்ந்த பொம்மையாட்டிகள் இப்படிப்பட்ட விபத்துகளைத் திட்டமிட்டே செய்கிறார்கள். ராஜஸ்தானின் கயிற்றுப் பொம்மலாட்டமான கட்புத்லியில் ஒரு வித்தைக்காரப் பொம்மை உண்டு. தன் தலையையே கழற்றித் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும். இன்னொரு பொம்மைக்கு இரண்டு தலை, ஒரே பாவாடை. தலைகீழாகப் புரட்டினால் ஆள் மாறிவிடும்.

எந்தப் பொருளால் செய்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிரிப்பும் மாறும். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டப் பொம்மைகள் மரத்தால் ஆனவை. பெரியவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும்கூட இருக்கும். கயிறுகளை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி அந்த வளையத்தை ஆட்டுபவர் தன் தலையில் கிரீடம்போல மாட்டிக்கொள்வார். பொம்மையின் கைகளைக் கம்பியால் அசைப்பார். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு துள்ளிக் குதிக்க முடியாது. அங்கே சிரிப்பு கம்பீரத்திலிருந்து வரும், பெரிய மனிதர் தடுமாறும்போது வருகிற சிரிப்பு. தோல்பாவை அப்படியில்லை. விளக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு தோல் துண்டு. புரட்டினால் திரும்பிவிடும், திரையைவிட்டு எடுத்தால் மாயம். ஒரு கோமாளி இன்னொருவனை அறைந்தால் அறை வாங்கியவன் அப்படியே பறந்துபோய்த் திரையின் மறுகோடியில் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி தொல்காப்பியம். பயப்படவேண்டாம், ஒரே ஒரு வரிதான். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது, அழுகைக்கும் அச்சத்துக்கும் முன்னால், முதல் இடத்தை நகைக்குத்தான் கொடுக்கிறார். அந்த நகை எதிலிருந்து பிறக்கிறது என்று கேட்டால், "எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப" என்கிறார். இந்த நான்கையும் பாவைக்கூத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம்.

இளமையும் பேதைமையும் எளிது. இளமை என்பது குழந்தைத்தனம்; எந்தப் பொம்மையும் தத்தக்கா பித்தக்கா என்று நடப்பதாலேயே அது வந்துவிடுகிறது. பேதைமை என்பது அறிவின்மை; புலி பின்னால் நிற்பது தெரியாமல் கோமாளி புலியைப் பற்றி வீரம் பேசுவான், குழந்தைகள் எல்லாம் 'பின்னாடி பார், பின்னாடி பார்' என்று கத்துவார்கள். உலகத்தில் எந்த ஊர்ப் பொம்மைக் கூத்திலும் இது தவறாமல் எடுபடும்.

மடன் இன்னும் நுட்பமானது. பேதைமையும் மடனும் ஒன்றுதானே என்று தோன்றும். உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள்: பேதைமை தெரியாமை, மடன் என்பது சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. 'அவன் தலையைக் கொண்டு வா' என்று ராவணன் கட்டளையிட்டதாக வைத்துக்கொள்வோம். கோமாளி பணிவாகக் கேட்கிறான்: "தலை மட்டும் போதுமா ராசா, உடம்பு வேண்டாமா? அப்புறம், இதைச் சொன்னது உங்கள் எந்தத் தலை? மற்ற ஒன்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா?" அவன் கிண்டல் செய்யவில்லை, கட்டளையைச் சரியாக நிறைவேற்றத் துடிக்கிறான். அந்த மும்முரம்தான் சிரிப்பு. கோமாளி தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் எல்லாம் போயிற்று. பொம்மைக்கு இதில் பிறவியிலேயே அனுகூலம் உண்டு. அதற்கு முகம் மாறாது. தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக் காரியத்தைக் கெடுக்காது. என் அபிப்பிராயத்தில் பொம்மைகளுக்காகவே செய்துவைத்ததுபோல இருப்பது மடன்தான்.

எள்ளல் என்பது கிண்டல். பேராசிரியர் என்ற பழைய தொல்காப்பிய உரையாசிரியர் தன் உரையில் இதை இரண்டாகப் பார்க்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளத் தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் கூத்துத் திரைக்குப் பின்னால் இருப்பவருக்குச் சோறு போடுகிறது. ஊர்ப் பெரிய மனிதரை ஒரு மனிதன் மேடையேறிக் கிண்டல் செய்தால் சண்டை வரும். பொம்மை கிண்டல் செய்தால் அந்தப் பெரிய மனிதரே முதல் ஆளாகச் சிரிக்க வேண்டியிருக்கும். தோல் துண்டோடு யார் மல்லுக்கு நிற்பது?

தமிழ்நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் இந்த வேலையைச் செய்கிற ஜோடிக்குப் பெயர் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். தென்மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ராமாயணக் கூத்தில் ராமன் எப்படி இருந்தான் என்பது மறந்திருக்கலாம், இவர்கள் இரண்டு பேரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமன் பாட்டிலும் ராகத்திலும் பேசுவான். இவர்கள் தெருவில் பேசுகிற மாதிரியே பேசுவார்கள். கதை அயோத்தியில் நடக்கும். இவர்கள் மட்டும் கூத்து நடக்கிற ஊரில், கூத்து நடக்கிற ராத்திரியில் இருப்பார்கள். வால்மீகியிடமும் கம்பனிடமும் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இப்படித்தான் கதைக்கு உள்ளும் வெளியும் போய்வருவான். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன்.

மும்பைத் தமிழர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தலைமுறை தலைமுறையாக ஆட்டிவரும் மண்டிகர் குடும்பங்களின் வீட்டு மொழி மராத்தி. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்த காலத்தோடு அவர்கள் வருகையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். வீட்டில் மராத்தி, திரையில் தமிழ். நாங்கள் நேர் எதிர்: வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி. மேல்மாடி அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பிறகு அவர் தன் பங்குக்குச் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளி கிராமத்தைப் பற்றிச் சொன்னார். குடாள் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் டாக்கர் சமூகத்தார் கயிற்றுப் பொம்மை, தோல் பொம்மை, சித்திரத்தைக் காட்டிக் கதை சொல்லும் சித்ரகதி மூன்றையும் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களில் பரசுராம் கங்காவனேக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டில் கேரளத் தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தைப் பாடித்தான் ஆட்டுகிறார்கள். பொம்மைகளுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது.

உச்சிக்குடும்பனின் சொந்தக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆந்திரத் தோலு பொம்மலாட்டாவில் கேதிகாடும் பங்காரக்காவும். ஜாவாவில் பஞ்சபாண்டவர்களுக்கே வேலைக்காரர்களாகக் குண்டு வயிற்றோடு சேமார், அவருடைய பிள்ளைகள் காரெங், பெத்ருக், பாகோங். பாலித் தீவில் இப்படிப்பட்ட பணியாள் கோமாளிகளின் கீழ்த்தாடை அசையும்படி செய்திருப்பார்கள், வாயாடிகள் என்பதால். துருக்கியில் கராகோஸ் படிக்காதவன், ஹாஜிவாத் படித்தவன். ஹாஜிவாத் சொல்லும் பெரிய சொல்லையெல்லாம் கராகோஸ் வேறாகக் காதில் வாங்குவான். மனத்தளவில் நம் ஜோடிக்கு மிக அருகில் இருப்பவர்கள் இவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

இங்கிலாந்தின் பஞ்ச் வேறு மாதிரி. சாமுவேல் பீப்ஸ் 1662 மே 9-ஆம் தேதி லண்டன் கோவென்ட் கார்டனில் ஓர் இத்தாலியப் பொம்மலாட்டத்தைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த நாளைத்தான் பஞ்சின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பஞ்ச் எல்லோரையும் தடியால் அடிப்பான், பெண்டாட்டி ஜூடி உட்பட. அடிக்கு வலி இல்லை, சத்தம் மட்டும் உண்டு என்பதால் சிரிக்கிறார்கள். எனக்கு ஜூடி வாங்கும் அடியில் சிரிப்பு வருவதில்லை. நம் ஊர்க் கோமாளிகளிடமும் பெண்டாட்டியையும் கறுப்பு நிறத்தையும் சாதியையும் வைத்துச் செய்யும் கிண்டல் உண்டு. பழையது என்பதற்காக அதையெல்லாம் மூட்டை கட்டிச் சுமக்கவேண்டியதில்லை. எள்ளல் போனால் மடன் இருக்கிறது. அது தீராத சுரங்கம்.

உச்சிக்குடும்பன் மும்பைக்கு வந்தால் என்ன பேசுவான் என்று எனக்கு அடிக்கடி கற்பனை ஓடும். தாராவி தொண்ணூறடிச் சாலையில் திரை கட்டினால் 'அரே பாய்' என்றுதான் ஆரம்பிப்பான். ராவணனை ஹார்பர் லைனில் காலை ஒன்பது மணி லோக்கலில் ஏற்றுவான். பத்துத் தலையும் உள்ளே போகுமா? போனாலும் பத்துத் தலைக்கும் ஒரே டிக்கெட் செல்லுமா என்று டிக்கெட் பரிசோதகரோடு குர்லா வரைக்கும் வாதாடுவான்.

இப்போது குரல். தோல்பாவைக்கூத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் எல்லாக் குரலிலும் பேசுவார். ராமனுக்கு ஒன்று, சீதைக்கு ஒன்று, கோமாளிக்கு மூக்கால் ஒன்று. ராஜஸ்தான் கட்புத்லியில் இன்னொரு தந்திரம். மூங்கிலும் தோலும் கொண்டு செய்த சின்னச் சீழ்க்கையை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஆட்டுபவர் 'கீச் கீச்' என்று பொம்மைக்குக் குரல் கொடுப்பார். அதற்குப் போலி என்று பெயர், பேச்சு என்று அர்த்தம். (தமிழில் 'போலி' என்றால் வேறு, இங்கே இரண்டு அர்த்தமும் பொருந்துவது தற்செயல்.) பஞ்சுக்கும் இப்படி ஒரு கருவி உண்டு, உலோகத் தகட்டால் ஆனது. கீச்சுக் குரலில் என்ன சொன்னது என்று யாருக்கும் முழுசாகப் புரியாது. எனவே பக்கத்தில் டோலக் அடிப்பவர் கேட்பார்: "என்ன? கல்யாணமா? யாருக்கு? உனக்கா?" பொம்மை மறுபடி கீச்சிடும். "பெண் யாராம்? ராணியா! ஆசையைப் பார்!" சிரிப்பு எங்கே வந்தது? பொம்மையிடம் அல்ல, டோலக்காரரின் திரும்பக் கேட்கும் வாயில். வில்லுப்பாட்டில் குடத்துக்காரர் 'ஆமா' போட்டுக்கொண்டே இருப்பாரே, அந்த ஆமா நடுவில் ஒருமுறை 'அப்படியா?' என்று மாறினால் கூட்டம் சிரிக்கும். அதே வித்தைதான். தலையாட்டி பொம்மைக்கு மேல்மாடிப் பையன் செய்ததும் டோலக்காரர் வேலை.

கடைசியாக, வாயசைக்காமல் பேசி மடியிலிருக்கும் பொம்மையைப் பேச வைப்பது. மும்பையில் இதற்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு. ராம்தாஸ் பாத்யேயின் அப்பா ஒய்.கே. பாத்யே உருவாக்கிய அர்தவட்ராவ் என்ற பொம்மைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அர்தவட் என்றால் மராத்தியில் அரைகுறை. தமிழில் அரைவேக்காட்டு ராவ் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரிலேயே பேதைமை.

இந்தக் கலையின் பெரிய எதிரி உதடு. மற்ற எழுத்துகளில் பெரும்பாலானவற்றை நாக்கும் தொண்டையும் பார்த்துக்கொள்ளும். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டியே ஆகவேண்டும். "இதழ்இயைந்து பிறக்கும் பகார மகாரம்" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். உதடு ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பாம்பு, பொம்மை என்று பொம்மை பேச விரும்பும் சொற்கள் எல்லாம் உதட்டில்தான் பிறக்கின்றன. உலகம் முழுவதும் இதற்கு ஒரே வழிதான்: ம வரும் இடத்தில் நாக்கை மேலே தொட்டு ந போல ஒன்று, ப வரும் இடத்தில் த போல ஒன்று. வேகமாகச் சொன்னால் கேட்பவர் காது தானே திருத்திக்கொள்ளும், ஏனென்றால் கண் பொம்மையின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்ப் புலவர்களோ உதடு ஒட்டாமல் பாடுவதையே ஒரு பந்தயமாக வைத்திருந்தார்கள். நிரோட்டகம் என்று அதற்குப் பெயர். துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மீது அப்படி ஓர் அந்தாதியே பாடினார். "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்ற குறளைச் சொல்லிப் பாருங்கள். ஓர் இடத்திலும் உதடு ஒட்டாது. பொம்மைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சுலபமான குறள் இல்லை. பற்றை விடச் சொல்கிற குறளைக் கயிறு விட்டால் விழுந்துவிடுகிற ஒன்று சொல்வது வேறு ஒரு வேடிக்கை.

கொலு முடிந்த வாரம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நானும் பழகிப் பார்த்தேன். ஒற்றைக் கண் சாக்ஸ்தான் பொம்மை. சொந்த ஊரிலிருந்து ஆரம்பித்தேன். 'மும்பை' என்று சொல்ல வைத்தேன். ம எல்லாம் ந ஆகி, ப த ஆகி, சாக்ஸ் 'நுந்தை' என்றது. சங்கத் தமிழில் அதற்கு உன் அப்பா என்று அர்த்தம். கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்த மேல்மாடிப் பையனுக்கு அது தெரியாது. "காக்கூ, அதுக்கு வீடு எங்கேன்னு கேளுங்க" என்றான்.

கேட்டேன். செம்பூர் என்று சொல்லத்தான் முயன்றேன். சாக்ஸ் எதிரே கண்ணாடியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உதடு ஒட்டாமல் தெளிவாகச் சொன்னது: "செந்தூர்."